இருமுறை கழித்த வெயில்

வார்சா,
5 அக்டோபர் 1992

பியாஸ்கோவோ வானிலை நிலையத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பிரிவில் சென்ற வாரம் எடுக்கப்பட்ட ஒரு முடிவைத் தங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். சந்தேகத்துக்குரிய எண்களை இதுவரை சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வந்தோம். இனி பச்சைப் பென்சிலால் வட்டமிடுவோம். இதற்கு மூன்று கூட்டங்களும் ஒரு வாக்கெடுப்பும் தேவைப்பட்டன. ஆதரவு ஏழு, எதிர்ப்பு இரண்டு. நிறம் பிரித்தறியாத ஒரு சகாவின் வாக்கு எந்தப் பக்கம் சேரும் என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. சிவப்பு பழைய ஆட்சியின் நிறம் என்பது எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் ஜரெம்பாவின் கருத்து. பழைய ஆட்சியிலும் அவர்தான் பிரிவுத் தலைவராக இருந்தார் என்பதால், அவருக்குத் தெரியாமல் இராது.

நாள்தோறும் நண்பகலிலும் நள்ளிரவிலும் மேலே விடும் வானிலை பலூன்களின் பழைய பதிவேடுகள் அனைத்தும் கணிப்பொறியில் ஏற்றப்பட்டு வருவதைத் தாங்கள் அறிவீர்கள். டிசம்பர் 15ஆம் தேதி தொகுப்பு வெளிநாட்டுக்குப் போகிறது. அங்கே பூமி முழுவதற்குமான கடந்த நாற்பதாண்டு வானத்தைக் கணிப்பொறிக்குள் மறுபடியும் கட்டப் போகிறார்களாம். முதல் தடவை கட்டியபோது என்ன குறை கண்டார்கள் என்று சொல்லவில்லை.

தங்கள் நிலையத்தில் மூன்று பச்சை வட்டங்கள் விழுந்துள்ளன. 3 ஜூலை 1971 நண்பகல், பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை ஐம்பத்திரண்டு டிகிரி என்று இருக்கிறது. 21 நவம்பர் 1968 அன்று முப்பதாவது நிமிடத்தில் இருந்த உயரத்தைவிட முப்பத்தொன்றாவது நிமிடத்தில் பலூன் கீழே இருக்கிறது. 16 பிப்ரவரி 1979 நண்பகல், பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் எல்லா உயரங்களிலும் வெப்பநிலை தேவைக்கு மேல் குளிராக இருக்கிறது. விளக்கம் தேவை.

இப்படிக்கு,
லியோகாடியா க்ருக்
தரவுச் சரிபார்ப்புப் பிரிவு

பி.கு.: தாங்கள் அனுப்பிய பிளம் பழக்களி இரண்டு புட்டிகள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்று வழியில் உடைந்து, கூடவே வந்த ஆண்டறிக்கையை முழுவதும் படித்துவிட்டது. அதைப் படித்த ஒரே ஜீவன்.


பியாஸ்கோவோ,
12 அக்டோபர் 1992

அன்புள்ள லோன்யா,

இதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதா, மனைவிக்கு எழுதுவதா என்று உறையை ஒட்டும்வரை யோசித்தேன். வீட்டு முகவரியை நீ தந்ததில்லை. ஆகையால் முகவரி அலுவலகத்துக்கு, கடிதம் உனக்கு.

முதல் வட்டம்: கழித்தல் குறி விட்டுப்போனது. அன்று என் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்குப் பக்கத்து நாள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், நாள்காட்டி ஒத்துழைக்கவில்லை. மைனஸ் ஐம்பத்திரண்டு என்று போட்டுக்கொள். இல்லாவிட்டால் அந்த வெளிநாட்டுக் கணிப்பொறி நம் கிராமத்துக்கு மேல் ஒரு பாலைவனத்தைக் கட்டிவிடும்.

இரண்டாம் வட்டம்: அது உண்மை. பலூன்மேல் பனி கட்டி, கனம் தாங்காமல் இறங்கியது. பிறகு பனி உதிர்ந்து மறுபடி ஏறியது. வாயு நிரப்பும் ஷிமோனும் பார்த்தான். "தலைவரே, பாவம், எதையோ மறந்து வச்சிட்டுப் போயிடுச்சு, எடுக்க வருது" என்றான். அந்த எண்ணைத் தொடாதே.

மூன்றாம் வட்டம்: நண்பகலில் மேலே போகும் வெப்பமானி வெயிலில் காய்ந்து, காற்றைவிடத் தானே சூடாகிவிடும் என்பதால் அட்டவணையைப் பார்த்து வெயில் கழிவைக் கழிக்கிறோம் அல்லவா, அன்று அதை இரண்டு தடவை கழித்துவிட்டேன். என் தவறு. ஒரு தடவை திருப்பிக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும்.

இங்கே மழை. பென்சில் சேதியை ஷிமோனிடம் சொன்னேன். "இனிமே நம்ம தப்பெல்லாம் பச்சையாவே தெரியும்னு சொல்லுங்க" என்றான். அவனுக்கு அறுபத்தொன்று ஆகிறது. வாயு உருளையைத் தூக்கும்போது மட்டும் ஐம்பது என்கிறான்.

வரும் வாரம் புகைபோட்ட விலாங்கு மீன் அனுப்புகிறேன். அது உடையாது.

அன்புடன்,
விட்செக்


வார்சா,
3 நவம்பர் 1992

விட்செக்,

ஒன்றாம் தேதி, புனிதர் அனைவர் திருநாளுக்கு, கலினாவின் கல்லறைக்குப் போயிருந்தேன். நீ வைத்த நான்கு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றின் மூடி சாய்ந்திருந்தது, நிமிர்த்தி வைத்தேன். நீ காலையில் வருகிறாய், நான் மதிய ரயிலில் வருகிறேன். பதின்மூன்று வருஷமாக யாரும் வகுக்காத இந்த அட்டவணை ஆட்சி மாறியும் ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. ரயில்வேயிடம் ஒப்படைத்திருந்தால் எப்போதோ சந்தித்திருப்போம். அவள் வயதைப் பொறித்த ஆறு என்ற எண்ணில் தங்கப்பூச்சு உதிர்ந்துவிட்டது. ஆள் சொல்லியிருக்கிறேன்.

முதல் இரண்டு வட்டங்களும் தீர்ந்தன. மூன்றாவதற்கு நீ சொன்னபடி கழிவைத் திருப்பிக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த மாதக் கட்டு எனக்கு ஒதுக்கப்பட்டதல்ல. பக்கத்து மேசை கிராஷினாவுடையது. 1979 பிப்ரவரி எனக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். காரணத்தை அவள் கேட்கவில்லை. ஆனால் அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்: "மேடம், கோவிச்சுக்காதீங்க. இந்த ஆளு வெயில ரெண்டு தடவ கழிச்சிருக்காரு. ஒரு தடவைய எடுத்தா, முந்தின நாள் எண் அப்படியே வருது. கையெழுத்து உங்க வீட்டுக்காரர் கையெழுத்து மாதிரி இருக்கு, அதான் ஜரெம்பாகிட்ட போகாம உங்ககிட்ட வந்தேன்."

பார்த்தேன். பிப்ரவரி 15 நண்பகலின் எண்கள். முதல் உயரத்தில் பத்தில் இரண்டு பங்கு டிகிரி கூட்டியிருக்கிறாய். அடுத்ததில் அதே அளவு குறைத்திருக்கிறாய். மறுபடி கூட்டல், மறுபடி குறைத்தல், பதினெட்டு உயரங்களிலும் வரிசை தப்பாமல். பொய் எழுதும்போதுகூட உன்னால் ஒழுங்கில்லாமல் இருக்க முடியவில்லை. முந்தைய நாள் எண்களில் வெயில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தது. அதை மறந்து, நண்பகல் என்றால் கழிக்க வேண்டும் என்று அட்டவணையை எடுத்து மறுபடியும் கழித்திருக்கிறாய். திருடப் போனவன் வாசலில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே நுழைந்த மாதிரி இருக்கிறது. பதினாறாம் தேதியோ புயல் கடந்துபோன நாள். அண்டை நிலையங்கள் எல்லாவற்றிலும் வானம் புரண்டு கிடக்கிறது. உன் வானம் மட்டும் அசையவில்லை.

அன்று காலை பதினொன்று நாற்பதுக்குக் கலினா போனாள். முந்தைய நாள் மாலையே மருத்துவமனையிலிருந்து உன்னைக் கூப்பிட்டு, "காய்ச்சல் இறங்கவே இல்ல, வா" என்றேன். "மாத்து ஆளு கிடைக்குமான்னு பாக்கறேன்" என்றாய். பதினெட்டாம் தேதி பேசியபோது நீ சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம்: "ரோடு மூடிக் கிடந்துச்சு லோன்யா. பலூனையும் விடணும்ல, வேற யாரு இருக்கா?"

அன்றிலிருந்து அந்தப் பலூன்மேல் எனக்குக் கோபம். ஒரு குழந்தையின் தகப்பனைப் பிடித்து வைத்துக்கொண்ட இரண்டு மீட்டர் அகல ரப்பர். அதனால்தான் வீட்டை விட்டு வந்தேன். வேடிக்கை, வந்த இடத்திலும் பலூன் எண்களையே சரிபார்க்கிறேன். எதிரியை நன்றாகத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேனோ என்னவோ. இப்போது பார்த்தால் அப்படி ஒரு பலூனே மேலே போகவில்லை.

எங்கே இருந்தாய்?

விதி பதினொன்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு நோக்காளர் ஒரு பலூன் ஏற்றத்தைப் புனைந்தது உறுதியானால், அவர் கையெழுத்திட்ட எல்லா ஏற்றங்களும் தொகுப்பிலிருந்து விலக்கப்படும். ஜரெம்பாவின் தர்க்கம்: "ஒரு பொய் சொன்னவன் ரெண்டாவது ஒண்ணும் சொல்லியிருப்பான். அதத் தேட நம்மகிட்ட ஆளு இல்ல." உன் கையெழுத்தில் எத்தனை என்று எண்ணினேன். இருபத்தாறு வருஷத்தில் 7,214.

லோ.


பியாஸ்கோவோ,
9 நவம்பர் 1992

லோன்யா,

கழிவைத் திருப்பிக் கூட்டிவிடு. கணக்குப் பிழை என்று எழுது. அதுவும் பொய் இல்லை, கணக்கில் பிழை இருக்கத்தானே செய்கிறது.

விதி பதினொன்றைப் போட நினைத்தால் போட்டுக்கொள். ஆனால் எங்கே இருந்தாய் என்று கேட்காதே. அது வானிலை சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை.

விலாங்கு கிடைத்ததா?

வி.


வார்சா,
14 நவம்பர் 1992

விட்செக்,

விலாங்கு கிடைத்தது. பிரிவு முழுவதும் சாப்பிட்டது. டாக்டர் ஜரெம்பா இரண்டு முறை வந்து சாப்பிட்டு, இரண்டாவது முறையை மறந்துவிட்டார். அவருக்கு எந்த விதியும் பொருந்தாது.

நீ தராத பதிலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். குடித்துவிட்டுக் கிடந்திருப்பாய் என்று ஒரு வாரம் நினைத்தேன். சரி, மனிதர்கள் குடிக்கிறார்கள். ஊரில் வேறு பெண் இருந்தாள் என்று இரண்டு நாள் நினைத்தேன். பியாஸ்கோவோவில் எந்தப் பெண் என்று எண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வாயு தீர்ந்திருக்கும், வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டிருப்பாய் என்று ஷிமோனுக்காக ஒரு நாள் நம்பினேன். ஆனால் வாயு தீர்ந்தால் 'ஏற்றம் இல்லை' என்று எழுதுவாய். அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பதினான்கு தடவை எழுதியிருக்கிறாய், ஒவ்வொன்றிலும் மன்னிப்பு கேட்காத குறை.

உன்னுடைய 7,214இல் ஒன்றே ஒன்று பொய். அது என் மகள் செத்த நாளில் விழுந்திருக்கிறது. அது வானிலை சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை என்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். மனைவியாகத்தான் கேட்கிறேன். பெயரை மாற்ற மூன்று படிவம் நிரப்ப வேண்டும் என்பதால் இன்னும் க்ருக் என்றே கையெழுத்திடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஒரே படிவம்தான்.

முதல் தேதிக்குள் பதில் வராவிட்டால், பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்துவிடுவேன்.

லோ.


பியாஸ்கோவோ,
22 நவம்பர் 1992

லோன்யா,

ஐந்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நிலையத்தின் காகித ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. இது ஒரு பழைய படிவத்தின் பின்பக்கம்.

பதினைந்தாம் தேதி மாலை நீ கூப்பிட்ட பிறகு மாற்று ஆளுக்காக நான்கு இடங்களுக்குத் தொலைபேசினேன். கம்பி வேலை செய்தது, சாலைதான் இல்லை. பட்டாள வண்டி உங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோன பிறகு மூன்று நாளில் கூரை வரைக்கும் பனி ஏறியிருந்தது. எனக்கு ஷிப்ட் மாற்ற வேண்டியவன் பக்கத்து ஊரில் தன் வீட்டுக் கதவைத் திறக்க முடியாமல் உள்ளே இருந்தான். நிலையத்தில் நானும் ஷிமோனும்தான்.

காலை ஐந்து மணிக்கு ஷிமோன் அடுப்பில் கரி போட்டுக்கொண்டே சொன்னான்: "இங்க உக்காந்து எதைத் தலைவரே பாத்துக்கிட்டு இருக்கீங்க? போங்க. தண்டவாளத்தப் புடிச்சு நடந்தா பத்தொன்பது கிலோமீட்டர்தான். வானம் ஒரு நாளு தொலைஞ்சா தொலையட்டும், யாரு திருடிட்டுப் போகப் போறா?"

"நண்பகல் எண்ணு கேப்பாங்களே" என்றேன்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ரெண்டு மணிக்கு போன்ல நான் படிச்சிடறேன். எனக்கு எண்ணு வாசிக்கத் தெரியாதா என்ன?"

'ஏற்றம் இல்லை' என்று எழுதியிருக்கலாம். அப்போது ஏன் இல்லை என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் வேலை நேரத்தில் நிலையத்தை விட்டுப் போனவனை என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். என்னைவிட ஷிமோனுக்கு அதிகம் விழும், அவன்மேல் மேலிடத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. ஆகவே விளக்கின்கீழ் உட்கார்ந்து, இனிமேல் வரப்போகும் நண்பகலை அரைமணி நேரத்தில் எழுதினேன். வெயிலைக் கழித்தது ஞாபகம் இல்லை. கை தானாகக் கழித்திருக்கிறது. அன்று வெயிலே இல்லை, லோன்யா. வழி முழுவதும் மூட்டம்தான்.

தண்டவாளத்தில் நடந்தேன். சில இடத்தில் இடுப்பு வரைக்கும் பனி. பாதி வழியில் ரயில் கேட் காவலாளி அம்மாள் ஒருத்தி என்னை உள்ளே இழுத்துப் போட்டு, தேநீர் கொடுத்து, "ஏம்ப்பா, நாலு நாளா ஒரு ரயில்கூட வரல, நீ எங்க கெளம்பிட்ட? புத்தி இருக்கா உனக்கு?" என்று திட்டினாள். "பொண்ணு ஆஸ்பத்திரியில" என்றேன். அதற்குப்பிறகு திட்டவில்லை. அவள் வீட்டுக்காரரின் கம்பளிக் கையுறையைக் கொடுத்தாள். அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

இரண்டு மணிக்கு மருத்துவமனைக்கு வந்தேன். வாசலில் இருந்தவன், "பாக்கற நேரம் மூணுக்குதாங்க" என்றான். பெயரைச் சொன்னேன். நோட்டைப் புரட்டினான். விரல் ஒரு வரியில் நின்றது. நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஐயா, கொழந்தையோட சாமானெல்லாம் அம்மா வாங்கிட்டாங்க" என்றான். பிறகு ஒதுங்கி வழி விட்டான்.

தரைத்தள நடைக்கூடத்தின் கடைசியில் பெஞ்சில் நீ இருந்தாய். உன் மடியில் அவளுடைய பூட்ஸ். ஒன்றின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாய். சரியில்லை என்று மறுபடி அவிழ்த்தாய். மறுபடி கட்டினாய். எனக்கும் உனக்கும் நடுவில் இருபதடி இருக்கும். ஒரு தள்ளுவண்டி, ஒரு வாளி. என் உடம்பிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் உனக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. நீ நிமிர்ந்து பார்த்திருந்தால் வந்திருப்பேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கம். 14.05. மறுபடி பார்த்தபோது 14.20. பிறகு திரும்பி வெளியே வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், இரண்டு மணிநேரம் இருபத்தைந்து நிமிஷம் தாமதமாக வந்தவன் ஆவேன். முதல் நாள் மாலையே கிளம்பியிருந்தால் என்று நீ ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பாய், நான் தினமும் போடுவேன். வராமலே இருந்துவிட்டால் அந்தக் கணக்கு இல்லை. வேலை இருந்தது, பலூன் இருந்தது, சாலை இல்லை. வேலை என்றால் இந்த நாட்டில் யாரும் மேலே கேட்பதில்லை. அந்த நிமிஷத்தில் அது சுலபமாகத் தெரிந்தது. பட்டாளத்து வண்டி ஒன்று பாதி வழிவரை ஏற்றிக்கொண்டது. நள்ளிரவு பலூனை நான்தான் விட்டேன். அந்த எண்கள் உண்மை, சரிபார்த்துக்கொள்.

இதுதான். இனி உன் இஷ்டம்.

வி.


வார்சா,
30 நவம்பர் 1992

விட்செக்,

மூன்றாம் வட்டத்துக்கு 'கணக்குப் பிழை; வெயில் கழிவு இருமுறை; திருத்தப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கிராஷினாவிடம் பேசிவிட்டேன். "நான் எதையும் பாக்கலையே மேடம், எனக்கு அன்னிக்குக் கண்ணு வலி" என்றாள். உன் 7,214 ஏற்றங்களும் அப்படியே இருக்கின்றன. 1968இல் இறங்கி ஏறிய பலூன்கூட இருக்கிறது.

ஆகையால் ஆவணப்படி 16 பிப்ரவரி நண்பகலில் நீ பியாஸ்கோவோவில் இருந்தாய். உன் பலூன் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏறி, குளிராக இருக்கிறது என்று தெரிவித்தது. நீ கேட்டது இதுதானே.

நான் பூட்ஸைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்ததை யாரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரிடம் சொன்னதில்லை, என் அக்காவிடம் சொன்னதில்லை. ஆகவே நீ வந்தது உண்மை. சரிபார்ப்பவள் என்ற முறையில் இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

'நீ நிமிர்ந்து பார்த்திருந்தால்' என்று எழுதியிருக்கிறாய். ஐந்து நாள் கிழித்தாயே, அந்த ஒரு வரியையும் கிழித்திருக்கலாம். ஏன் நிமிரவில்லை தெரியுமா? யாரோ நனைந்த காலோடு வந்து நின்றது எனக்குத் தெரியும். தரை துடைக்கும் பெண் என்று நினைத்தேன். காலைத் தூக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

இத்தனை வருஷம் வராத ஒருவனோடு வாழாமல் இருந்தேன். அது பழகிவிட்டது, அதற்கென்று ஒரு நாற்காலி, ஒரு சுவர்க்கடிகாரம் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். இனிமேல், வந்துவிட்டுத் திரும்பிப்போன ஒருவனோடு வாழாமல் இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

நீ பியாஸ்கோவோவிலேயே இருந்ததாக இருக்கட்டும். பதில் எழுத வேண்டாம்.

லியோகாடியா


பியாஸ்கோவோ,
4 டிசம்பர் 1992

தரவுச் சரிபார்ப்புப் பிரிவுக்கு,
நகல்: பிரிவுத் தலைவர் டாக்டர் ஜரெம்பா அவர்களுக்கு

பொருள்: 16 பிப்ரவரி 1979 நண்பகல் ஏற்றம் குறித்து.

மேற்கண்ட நாளில் இந்நிலையத்திலிருந்து நண்பகல் பலூன் எதுவும் விடப்படவில்லை. பதிவேட்டில் உள்ள எண்கள் முந்தைய நாள் எண்களைக் கொண்டு அன்று காலை கீழே கையொப்பமிட்டவரால் புனையப்பட்டவை. அவற்றைக் கணக்குப் பிழை என்று கருதித் திருத்திய தங்கள் பிரிவின் குறிப்பு, உண்மை தெரியாத நிலையில் எழுதப்பட்டது. அதை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கீழே கையொப்பமிட்டவர் அன்று 14.05 முதல் 14.20 வரை மாவட்ட மருத்துவமனையின் தரைத்தள நடைக்கூடத்தில் இருந்தார். தங்கள் எட்டாம் எண் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு என அறிகிறேன். இதை அக்கட்டத்தில் எழுத வேண்டும்.

வாயு நிரப்பும் பணியாளருக்கு இதில் பங்கில்லை. நான் புறப்பட்டுப் போனதற்கு வழியில் கண்டவர்கள் உண்டு. உள்ளே நடைக்கூடத்தில் நின்றதற்குச் சாட்சி எவருமில்லை.

விதி பதினொன்றை அறிவேன்.

இப்படிக்கு,
வின்சென்டி க்ருக்
நிலையத் தலைவர்


வார்சா,
14 டிசம்பர் 1992

பியாஸ்கோவோ வானிலை நிலையத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் 4ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. 16 பிப்ரவரி 1979 நண்பகல் ஏற்றம் குறித்த முந்தைய குறிப்பு ரத்து செய்யப்பட்டு, புனைவு எனப் பதிவாகியுள்ளது. எட்டாம் எண் படிவத்தின் 'காரணம்' கட்டத்தில், தாங்கள் கோரியபடி, 'நோக்காளர் தம் மகளையும் மனைவியையும் காண மாவட்ட மருத்துவமனைக்குச் சென்றிருந்தார், 14.05 முதல் 14.20 வரை அங்கே இருந்தார்' என்று எழுதப்பட்டது.

மேற்படி படிவத்தில் 'சாட்சி' கட்டத்தைக் காலியாக விட அனுமதி இல்லை. அந்நேரத்தில் அதே நடைக்கூடத்தில் இருந்து தங்களைக் கண்டவர் என்ற முறையில் லியோகாடியா க்ருக் கையொப்பமிட்டுள்ளார்.

விதி பதினொன்றின்படி, ஏப்ரல் 1966 முதல் செப்டம்பர் 1992 வரை தங்கள் கையெழுத்தில் உள்ள 7,214 ஏற்றங்கள் இன்று தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டன. அந்நேரங்களில் பியாஸ்கோவோவுக்கு மேலிருந்த வானத்தின் வெப்பநிலையாக அண்டை நிலையங்கள் இரண்டின் சராசரி இடப்பட்டுள்ளது. தொகுப்பு நாளை காலை அனுப்பப்படுகிறது.

இப்படிக்கு,
லியோகாடியா க்ருக்
தரவுச் சரிபார்ப்புப் பிரிவு